வாஷிங் மெஷினுக்கு எந்த இடம், டிரையருக்கு எந்த இடம்?

புது ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்கள் எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். எங்கே வைப்பது என்பதை மட்டும், டெலிவரி ஆள் வாசலில் நின்று "சார், எங்க இறக்கணும்?" என்று கேட்கும்போதுதான் யோசிக்கிறார்கள். காலியாக இருக்கிற மூலைக்கு மெஷின் போய்விடும், அப்புறம் அந்த மூலையோடு பத்து வருஷம் மல்லுக்கட்ட வேண்டியதுதான். இப்போது டிரையரும் சேர்த்து வாங்குகிறார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. சென்னை வீடுகளை மனதில் வைத்து, இருக்கிற இடங்களை எடைபோட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷினும் டிரையரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மெஷினுக்கு இடம் பார்க்கும்போது தண்ணீர் எப்படி வெளியே போகும் என்பதைப் பாருங்கள். டிரையருக்கு இடம் பார்க்கும்போது அங்கே எவ்வளவு சூடு இருக்கும், ஈரக் காற்று எங்கே போகும் என்பதைப் பாருங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே இடம் பதிலாகக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பிரித்து வைப்பதே மேல்.

முதலில் அளவு. ஃப்ரண்ட் லோட் மெஷின் பெரும்பாலும் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம். ஆழம் மட்டும் கொள்ளளவைப் பொறுத்து 45 முதல் 65 செ.மீ. வரை மாறும். பின்னால் ஹோஸ் மடங்காமல் இருக்க ஐந்து, பத்து செ.மீ. விட வேண்டும். இதையெல்லாம் எல்லோரும் அளக்கிறார்கள். கதவைத் திறந்து, முன்னால் ஒரு டப் வைத்து, ஒரு ஆள் குனிந்து துணி எடுக்க வேண்டிய இடத்தைத்தான் யாரும் அளப்பதில்லை. அதற்கு மூன்றடியாவது வேண்டும். நங்கநல்லூரில் என் அத்தை வீட்டு யுடிலிட்டி, அதாவது சமையலறையை ஒட்டி வேலைகளுக்காக விட்ட சின்ன பால்கனி, மூன்றரை அடி அகலம். மெஷினைச் சுவரோடு ஒட்டி, கைப்பிடிச் சுவரைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறார்கள். கதவு பாதி திறந்ததுமே கைப்பிடிச் சுவரில் இடிக்கிறது. அத்தை பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை மட்டும் உள்ளே விட்டு, நனைந்து முறுக்கிக்கிடக்கும் டபுள் பெட்ஷீட்டை இழுக்கிறார். அது பாதி வந்ததும் தரையைத் தொட்டுவிடும். அதே மெஷினைப் பால்கனியின் கடைக்கோடியில், நீளவாக்கில் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தால் இந்தப் பாடே கிடையாது, முன்னால் முழு நீளமும் காலியாக இருந்திருக்கும். இன்னொன்று, ஃப்ரண்ட் லோட் கதவு பெரும்பாலும் இடது பக்கம்தான் திறக்கும், ஃபிரிட்ஜ் கதவு மாதிரி மாற்றிப் பொருத்த முடிவதில்லை. இடது பக்கம் உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாப் லோடுக்கு முன்னால் அவ்வளவு இடம் வேண்டாம், ஆனால் தலைக்கு மேல் வேண்டும். மூடியைத் திறந்தால் நாலரை அடி உயரம் வரை போகும். மேலே ஷெல்ஃபோ, கீழே இறங்கியிருக்கும் குழாயோ இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது தண்ணீர். உள்ளே வருவதை விட வெளியே போவதுதான் முக்கியம். ஃப்ரண்ட் லோட் மெஷினில் பம்ப் இருக்கிறது, அழுக்குத் தண்ணீரை ஒரே மூச்சில் வெளியே தள்ளும். தரையில் இருக்கும் ஜாலி அந்த வேகத்தை விழுங்குமா என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே சோதிக்கலாம்: இரண்டு பக்கெட் தண்ணீரை அடுத்தடுத்து மொத்தமாக அந்த ஜாலியில் கொட்டிப் பாருங்கள். சுற்றி ஒரு சாண் பரவிவிட்டு உடனே வடிந்தால் சரி. குளமாகத் தேங்கி மெதுவாக இறங்கினால், ஒவ்வொரு அலசலுக்கும் அங்கே வெள்ளம்தான். சமையலறை சிங்க் பைப்பும் அதே லைனில் சேருகிறதா என்றும் கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் துணியிலிருந்து வரும் பஞ்சும் சேர்ந்தால் அடைப்பு நிச்சயம். அடுக்குமாடியில் கீழ்த் தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, மேல் வீட்டு மெஷினின் சோப்பு நுரை இவர்கள் ஜாலி வழியாகப் பொங்கி வரும். ஏற்கெனவே அப்படி வருகிற ஜாலி என்றால் அந்த இடத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிரெயின் ஹோஸை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போகிற பிளம்பர்கள் உண்டு. பம்ப் உள்ள மெஷினுக்கு அது தப்பு. ஹோஸ் மெஷினுக்குப் பின்னால் ஏறத்தாழ 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் உயரம் வரை ஏறி அதற்கப்புறம்தான் இறங்க வேண்டும். முனை தாழ்வாக இருந்தால் மெஷின் உள்ளே விடுகிற தண்ணீர் தானாகவே வெளியே ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருக்கும், துவைக்கவே ஆரம்பிக்காது. மெஷின் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குப் போன் போடுகிற வீடுகளில் பாதிக்கு இதுதான் விஷயமாக இருக்கும் என்பது என் சந்தேகம். ஆகவே சுவரில் அந்த உயரத்தில் ஒரு டிரெயின் வாய் வைக்க முடிகிற இடம், தரை ஜாலி மட்டும் இருக்கிற இடத்தை விட உசத்தி.

உள்ளே வரும் தண்ணீருக்கு அழுத்தம் வேண்டும். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.3 பார், சிலவற்றில் 0.5 பார் என்று போட்டிருக்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). டேங்குக்கும் குழாய்க்கும் நடுவில் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார்தான் கிடைக்கும். 0.3 வேண்டுமென்றால் டேங்க் மூன்று மீட்டர் மேலே இருக்க வேண்டும். கீழ்த் தளங்களில் இது ஒரு பிரச்சினையே இல்லை. மேல் தளத்தில் இருப்பவர்களுக்கும், மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்களுக்கும் இதுதான் பெரிய இடைஞ்சல்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

பாத்ரூம்தான் பெரும்பாலான வீடுகளில் முதலில் தோன்றும் இடம். குழாயும் இருக்கிறது, ஜாலியும் இருக்கிறது, வேலை மிச்சம். ஆனால் நம் வீட்டுக் குளியல் பக்கெட்டும் குவளையுமாக நாலு பக்கமும் தெறிக்கும் குளியல். தண்ணீரும் மின்சாரமும் கையெட்டும் தூரத்தில் இருப்பது எனக்குச் சம்மதமே இல்லை. பிரிட்டனில் ஷவர் பகுதியிலிருந்து இரண்டரை மீட்டருக்குள் சாதாரண பிளக் பாயிண்ட் வைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. அங்கே மெஷின் சமையலறைக்குள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊர் பாத்ரூமில் அந்தத் தூரம் கிடைப்பது அரிது. அதிர்ச்சி அபாயம் ஒரு பக்கம் என்றால், ஈரக் காற்றில் மெஷினின் போர்டு பச்சை பூத்துப் போவது, அடிப்பக்கத் தகடு துருப்பிடிப்பது இன்னொரு பக்கம். வேறு வழியே இல்லாமல் பாத்ரூமில்தான் வைக்க வேண்டும் என்றால், குளிக்கும் பகுதியைக் கண்ணாடியாலோ சுவராலோ பிரித்துவிடுங்கள், பாயிண்டை உயரத்தில் மூடியோடு வையுங்கள், எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், வீட்டு போர்டில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் வைக்காதீர்கள்.

சமையலறை மேடைக்கு அடியில் வைப்பது படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நம் ஊரில் கிரானைட் மேடையின் உயரம் பெரும்பாலும் 32 முதல் 34 அங்குலம், அதாவது 81 முதல் 86 செ.மீ. கல்லின் கனத்தைக் கழித்தால் 85 செ.மீ. மெஷின் உள்ளே நுழையாது. மேடையை 90 செ.மீ. அளவுக்கு உயர்த்திக் கட்டினால்தான் நுழையும், ஆனால் அந்த உயரத்தில் நின்று சமைக்கிறவருக்குத் தோள் வலிக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். சமைக்கிற இடத்தில் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து போட நிறைய வீடுகளில் மனசு ஒப்பாது என்பதும் உண்மை, அதை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இதற்காகச் சமையலறையை உடைப்பது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

மொட்டை மாடிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, தனி வீட்டுக்காரர்கள் அதைக் கேட்க வேண்டும். ஏழு கிலோ துணி, மெஷின் பிழிந்த பிறகும் ஏறக்குறைய நாலு கிலோ தண்ணீரோடு பதினோரு கிலோவாக வெளியே வரும். கீழே துவைத்து மாடியில் காயப்போடுகிற வீட்டில் அந்தப் பதினோரு கிலோவை யாரோ ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண், படியேறிச் சுமக்கிறார். மேலேயே துவைத்தால் உலர்ந்த துணியைத்தான் சுமக்க வேண்டும், துவைத்த கையோடு கொடியில் போட்டுவிடலாம். ஆனால் தண்ணீர் அழுத்தம் இங்கே கிடைக்காது. டேங்க் அதே மாடியில் ஐந்தாறு அடி உயரத்தில்தான் இருக்கும், 0.2 பார் வந்தாலே அதிகம். ஃப்ரண்ட் லோட் வைத்தால் தனியாக பிரஷர் பம்ப் போட வேண்டும். திறந்த வெளியில் வைத்தால் வெயிலில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் சீக்கிரம் வெடித்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக் காற்று தகட்டை விடாது. படிக்கட்டு முடிகிற இடத்தில் மூடிய அறை இருந்தால் அதற்குள் வைக்கலாம். இல்லையென்றால் கூரை போட்டு, செமி ஆட்டோமேட்டிக் ஒன்றை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அதற்கு அழுத்தம் தேவையில்லை, விலையும் குறைவு, அலசின தண்ணீரைப் பிடித்து மாடியையும் கழுவிவிடலாம்.

தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில், அல்லது பின்கட்டில் வைப்பவர்கள் வெள்ளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மெஷினின் பம்ப் அடியில் இருக்கிறது, மோட்டாரும் கீழ்ப்பகுதியில்தான். ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் மேடை கட்டி, மேலே கல் பதித்து, மெஷின் அதிர்வில் நகர்ந்து விழாதபடி ஓரத்தில் சின்னத் தடுப்பு வைத்துவிட்டால் ஓரளவு வெள்ளத்துக்குத் தப்பிக்கும். தண்ணீர் ஆளுயரம் வந்தால் எதுவும் செய்ய முடியாது, ஆனால் முழங்கால் அளவு வரும் தெருக்களே அதிகம். இந்த மேடையால் இன்னொரு நல்லதும் உண்டு. ஃப்ரண்ட் லோட் கதவு இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும், மூட்டுவலிக்காரர்கள் குனிய வேண்டாம். வெள்ள பயம் இல்லாத வீட்டிலும் வயசான அம்மா, அப்பா துணி துவைக்கிறார்கள் என்றால் மேடை கட்டிக்கொடுங்கள். சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்ட் மட்டும் வேண்டாம், அறுபது எழுபது கிலோ மெஷின் நிமிஷத்துக்கு 1200 சுற்று சுற்றும்போது அது தாங்காது.

எல்லாவற்றையும் பார்த்தால், சமையலறையை ஒட்டிய யுடிலிட்டிதான் மெஷினுக்கு என் முதல் தேர்வு. டிரெயின் இருக்கிறது, காற்றோட்டம் இருக்கிறது, சமைத்துக்கொண்டே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம், சத்தம் படுக்கையறைக்கு வராது. குறைகளும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் சாரல் நேராக உள்ளே அடிக்கும் பால்கனியாக இருந்தால் ஜன்னலோ, மடக்கும் கதவோ போட வேண்டும், அசோசியேஷனில் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். எலி இன்னொரு பிரச்சினை. பல மெஷின்களின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும், எலி உள்ளே ஏறி ஒயரைக் கடித்துவிட்டால் அதற்கு வாரண்டியில் வழி இருக்காது. வாங்கும்போதே அடியில் கம்பி வலை போட்டுத் தரச் சொல்லுங்கள். ஜாலிக்கும் நெருக்கமான ஓட்டையுள்ள மூடி போடுங்கள்.

இப்போது டிரையர். இது உங்களுக்கு வேண்டுமா என்பதே முதல் கேள்வி. சென்னையில் ஒன்பது மாதம் வெயில் இலவசமாக உலர்த்தித் தருகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் துணி இரண்டு நாள் கொடியில் கிடந்தும் ஈர வாடை போகாமல் இருக்கும். கைக்குழந்தை இருக்கும் வீடு, முன் பால்கனியில் துணி போடக் கூடாது என்று சொல்லும் குடியிருப்பு, காலையில் கிளம்பி இரவு திரும்புகிற இரண்டு பேர், இவர்களுக்கு டிரையர் உண்மையிலேயே உதவி. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

டிரையரில் மூன்று வகை. வென்டட் என்பது சூடான ஈரக் காற்றை நாலு அங்குலக் குழாய் வழியாக வெளியே தள்ளும், ஆகவே வெளிச்சுவரில் ஓட்டை வேண்டும். குழாய் நீளமாகவும் வளைந்து வளைந்தும் போனால் பஞ்சு அடைத்துக்கொள்ளும், தீப்பிடிக்கும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. குழாயை வெளியே விடாமல் ஓட்டினால் ஒரு லோடுக்கு மூன்று நாலு லிட்டர் தண்ணீர் ஆவியாகி உங்கள் வீட்டுச் சுவரில்தான் படியும், பூஞ்சை வர வேறு காரணம் வேண்டாம். கண்டென்சர் வகைக்கு ஓட்டை வேண்டாம், தண்ணீரை ஒரு தொட்டியில் பிடிக்கும், ஆனால் அறையைச் சூடாக்கும். மூன்றாவது ஹீட் பம்ப், சூட்டை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வகை. எட்டு கிலோ லோடுக்கு மற்ற இரண்டும் நாலு, ஐந்து யூனிட் எடுக்கிற இடத்தில் இது இரண்டு யூனிட்டோடு முடித்துக்கொள்ளும். விலை அதிகம், நேரமும் அதிகம், துணி மட்டும் சுருங்காமல் பத்திரமாக வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும் மின்கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறும் நம் ஊரில், நான் ஹீட் பம்பைத்தான் சொல்வேன்.

இங்கேதான் இடம் முக்கியமாகிறது. கண்டென்சர், ஹீட் பம்ப் டிரையர்களின் கையேட்டில் சுற்றுப்புறம் 5 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். மேற்குப் பார்த்த யுடிலிட்டியில், மே மாதம் மதியம் மூன்று மணிக்கு 40 டிகிரியைத் தாண்டும். மழைச் சாரலும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் விலை அதிகமான டிரையரை வைப்பதை விட, உள்ளே ஒரு அறையில் வைக்கலாம். இந்த இரண்டு வகைக்கும் தண்ணீர் இணைப்பு தேவையில்லை, தொட்டியைக் கழற்றிக் கொட்டினால் போதும். உபயோகிக்காத அறையின் ஜன்னலோரம், அலமாரிக்குப் பக்கத்தில், துணி மடிக்கிற கட்டிலுக்கு எதிரில்கூட வைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈரத் துணியைப் பத்தடி தூரம் டப்பில் எடுத்துக்கொண்டு போவது ஒரு கஷ்டமில்லை. மெஷின் வெளியே, டிரையர் உள்ளே என்ற இந்த ஏற்பாடு பார்க்க ஒரு ஜோடியாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் நல்ல ஆயுசு கிடைக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது இடமே இல்லாத வீட்டுக்கு நல்ல வழி. மெஷின் கீழே, டிரையர் மேலே, ஒருபோதும் மாற்றி வைக்கக் கூடாது. அதே கம்பெனியின் அடுக்கும் சட்டம் கட்டாயம். மொத்த உயரம் 170 செ.மீ.க்கு மேல் போகும், டிரையரின் பட்டன்களும் தண்ணீர்த் தொட்டியும் அதன் உச்சியில் இருக்கும். ஐந்தடி உயரமுள்ளவர் நாலு லிட்டர் தண்ணீர் நிறைந்த தொட்டியைத் தலைக்கு மேலிருந்து உருவ வேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் முகத்தில் தெறிக்கும். அடுக்குவதாக இருந்தால் தொட்டியைத் தவிர்த்துவிட்டு, டிரையரின் டிரெயின் ஹோஸையும் மெஷினின் டிரெயின் வாயிலேயே சேர்த்துவிடச் சொல்லுங்கள். பல மாடல்களில் அந்த வசதி உண்டு.

துவைத்து, உலர்த்தவும் செய்யும் ஒரே மெஷின் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது சரிதான். எட்டு கிலோ துவைக்கும், உலர்த்துவது ஐந்து கிலோதான். முழு லோடு போட்டால் பாதியில் வந்து கொஞ்சம் துணியை எடுக்க வேண்டும். சில மாடல்கள் ஆவியைக் குளிர வைக்கக் குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துகின்றன. மே மாதம் நம் மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும், அதை வைத்து எதைக் குளிர வைப்பது? தண்ணீருக்கு லாரி கூப்பிடுகிற தெருவில் உலர்த்துவதற்கும் தண்ணீர் செலவழிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. தனியாக இருப்பவருக்கு, சின்ன ஃபிளாட்டுக்கு இது சரி. நாலு பேர் குடும்பத்துக்கு வேண்டாம்.

எதை எங்கே வைத்தாலும் மெஷினுக்கும் டிரையருக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் மெஷின் 2000 வாட் இழுக்கும், சாதாரண டிரையர் 2500 வாட் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 ஆம்பியர். ஒரே பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இரண்டையும் ஓட்டுவது ஆபத்து. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னாலேயே இதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால் செலவு சொற்பம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சுவரை உடைக்கும் உரிமை இல்லை, ஆகவே கணக்கு வேறு. பெரும்பாலும் பாத்ரூமா, யுடிலிட்டியா என்ற இரண்டே வழிதான். யுடிலிட்டியில் குழாய் இல்லாவிட்டாலும், சிங்க் குழாயிலிருந்து இரண்டு வழி அடாப்டர் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். ஹோஸை மேலே தூக்கிக் கட்ட ஜன்னல் கம்பியே போதும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் மாடல் பார்க்கும்போது டாப் லோடையும் சேர்த்து யோசியுங்கள், எடை குறைவு, எந்த மூலையிலும் பொருந்தும். ஃப்ரண்ட் லோட் வைத்திருப்பவர்கள் பொருத்தும்போது அதன் பின்பக்கத்திலிருந்து கழற்றிய, டிரம்மை ஆடாமல் பிடித்துவைக்கும் டிரான்ஸிட் போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அடுத்த வீடு மாறும்போது அதை மாட்டாமல் வண்டியில் ஏற்றினால் டிரம் ஆடி உடைந்துவிடும். வீடு பார்க்கப் போகும்போதே யுடிலிட்டியில் 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா, ஜாலியில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அந்த நேரத்தில்தான் அவர்கள் செய்து தருவார்கள்.